சாக்ரடீஸும் மார்ட்டின் லூதர் கிங்கும் ஒரே பாதையில் நடந்தவர்களா?

வைகைக்கரை

நீதிக்காகச் சிறை சென்றவர்கள் என்று பேச்சு வந்தாலே சாக்ரடீஸையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள். இதற்கு வழி காட்டியவர் கிங்தான். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடி, 1963 ஏப்ரலில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் சிறையில் இருந்தபடி அவர் எழுதிய கடிதத்தில் மூன்று இடங்களில் சாக்ரடீஸ் வருகிறார். மக்கள் மனத்தில் ஒரு பதற்றத்தை உண்டாக்கியவர் என்று ஓரிடத்தில். உண்மையை விடாமல் பிடித்துக்கொண்டதால் நஞ்சு குடிக்க வைக்கப்பட்டவர் என்று இன்னோரிடத்தில். சட்டமறுப்பில் ஈடுபட்டவர் என்று மற்றோரிடத்தில்.

இந்தக் கடைசிக் கூற்றைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கிமு 399, ஏதென்ஸ் சிறை. மரண தண்டனை பெற்ற சாக்ரடீஸைத் தப்ப வைக்க, விடிவதற்கு முன்பே நண்பர் கிரிட்டோ வந்துவிட்டார். நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும் நண்பரை எழுப்ப மனமில்லாமல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். காவலர் அவருக்கு வேண்டியவர், ஏற்கெனவே கவனித்தும் ஆயிற்று. தீப்ஸிலிருந்து சிம்மியாஸ் பணத்தோடு வந்திருக்கிறார். தெஸ்ஸலியில் தங்க இடம் தயார். டெலோஸ் தீவுக்கு வழிபாட்டுக்காகப் போன கப்பல் வரும் வரை யாரையும் கொல்லக் கூடாது, அது திரும்பிவிட்டால் தண்டனை நிறைவேறிவிடும். எனவே வரும் இரவுக்குள் கிளம்பியாக வேண்டும்.

சாக்ரடீஸ் மறுக்கிறார். ஏதென்ஸின் சட்டங்களே எதிரே வந்து நின்று பேசுவதுபோல ஒரு வாதத்தை அவரே சொல்கிறார். "உன் பெற்றோர் எங்கள் கீழ்தான் மணம் செய்தார்கள், நீ எங்கள் கீழ்தான் வளர்ந்தாய், படித்தாய். பிடிக்கவில்லை என்றால் உடைமைகளோடு வேறு ஊருக்குப் போக உனக்குத் தடை இருந்ததில்லை. 70 வயது வரை இங்கேயே இருந்தாய். இருந்ததே சம்மதம். எங்களை இணங்க வை, முடியாவிட்டால் கீழ்ப்படி."

இந்த வாதத்தை அலபாமாவுக்குக் கொண்டு போய்ப் பாருங்கள். கிங்கின் மூதாதையர் சம்மதித்தா கப்பல் ஏறினார்கள்? கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக இருந்தும் ஒரு கறுப்பினத்தவர்கூட வாக்காளராகப் பதிவாகாத வட்டாரங்கள் அலபாமாவில் உண்டு என்று அதே கடிதத்தில் கிங் எழுதுகிறார். அந்த மக்களிடம் போய் "தங்கியதே சம்மதம்" என்று சொல்ல முடியுமா?

கிங் யாருக்குப் பதிலாக அந்தக் கடிதத்தை எழுதினார் என்பதையும் பாருங்கள். அலபாமாவின் எட்டு வெள்ளையின மதகுருமார் ஓர் அறிக்கை விட்டார்கள். ஊர்வலம் இப்போது வேண்டாம், நேரம் சரியில்லை, குறை இருந்தால் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றது அது. ஏதென்ஸின் சட்டங்கள் சாக்ரடீஸிடம் சொன்னதும் ஏறக்குறைய இதுதானே? எதிரிகளுக்கு வாதம் எடுத்துக் கொடுக்கக்கூடியவரையே கிங் தன் பக்கத்துச் சாட்சியாக அழைத்துவிட்டார் என்பது என் எண்ணம்.

சாக்ரடீஸ் தன் ஆன்மா அழுக்காகாமல் பார்த்துக்கொண்டார். கிங் இன்னொருவருக்கு நீதி வாங்கித் தரப் போனார். இரண்டையும் ஒரே பெயரில் அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

பொதிகைத் தென்றல்

வைகைக்கரை, நீங்கள் கிரிட்டோவோடு நடந்த உரையாடலை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன் நீதிமன்றத்தில் அதே மனிதர் பேசியதையும் எடுத்துப் பாருங்கள். "தத்துவம் பேசுவதை நிறுத்திக்கொள், விட்டுவிடுகிறோம் என்று நீங்கள் சொன்னாலும் நான் உங்களைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிவேன்" என்கிறார். நூற்றுக்கணக்கான ஜூரர்கள் முன்னால், தலை போகும் என்று தெரிந்தே சொன்ன வார்த்தை. இது சட்டமறுப்பு இல்லாமல் வேறு என்ன?

அதற்கும் முன்னால் இரண்டு சம்பவங்கள் உண்டு. கிமு 406இல் ஆர்கினூசே கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. ஆனால் புயலில் தவித்த தம் வீரர்களை மீட்காமல் விட்டார்கள் என்று தளபதிகள் மேல் வழக்கு. எல்லோரையும் ஒரே வாக்கெடுப்பில் சேர்த்துத் தண்டிக்க மக்கள் மன்றம் துடித்தது. தனித்தனியாக விசாரிக்காமல் அப்படிச் செய்வது அவர்கள் சட்டத்துக்கே விரோதம். அன்றைக்கு மன்றத்தை நடத்தும் குழுவில் சாக்ரடீஸும் இருந்தார். கூட்டம் கூச்சல் போட்டது, பேச்சாளர்கள் இவரையும் கைது செய்யச் சொன்னார்கள். இவர் ஒருவர் மட்டும் ஒப்பவில்லை. அப்படியும் ஆறு தளபதிகள் கொல்லப்பட்டார்கள்.

இரண்டாவது, ஏதென்ஸைக் கொஞ்ச காலம் ஆண்ட முப்பது கொடுங்கோலர் ஆட்சி. சலாமிஸ் தீவிலிருந்து லியோன் என்பவரைக் கொலைக்காகப் பிடித்து வரும்படி சாக்ரடீஸுக்கும் வேறு நால்வருக்கும் உத்தரவு. நால்வரும் தீவுக்குப் போனார்கள். சாக்ரடீஸ் வீட்டுக்குப் போனார். அந்த ஆட்சி சீக்கிரம் கவிழாமல் இருந்திருந்தால் அதற்காகவே தன் உயிர் போயிருக்கும் என்று அவரே சொல்கிறார்.

அப்புறம், நீங்கள் எடுத்துக்காட்டிய உரையாடலின் கடைசியில் ஒரு வரி வருகிறது, அதை விட்டுவிட்டீர்கள். "உனக்கு அநீதி செய்தவர்கள் மனிதர்கள், சட்டங்களாகிய நாங்கள் இல்லை" என்று அந்தச் சட்டங்களே சொல்கின்றன. சாக்ரடீஸின் வழக்கில் சட்டம் சரி, தீர்ப்பு தவறு. பர்மிங்காமில் சட்டமே தவறு. நோய் வேறு, அதனால் மருந்தும் வேறு. நோயாளியைப் பார்க்காமல் மருந்தை ஒப்பிட்டு இருவரும் எதிர் எதிர் என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

இருவருக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: அநீதிக்குப் பதிலாகக்கூட அநீதி செய்யாதே. சாக்ரடீஸ் இதை அந்தச் சிறையில்தான் கிரிட்டோவிடம் சொல்கிறார். கிங்கின் அகிம்சையும் இங்கேதான் நிற்கிறது.

வைகைக்கரை

லியோன் கதையை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று. சாக்ரடீஸ் வீட்டுக்குப் போனார். சரி. லியோன் என்ன ஆனார்? கொல்லப்பட்டார். சாக்ரடீஸ் அவருக்கு ஆள் அனுப்பி எச்சரித்ததாக, இந்த உரையாடல்களை எழுதி வைத்த மாணவர் பிளேட்டோ எழுதவில்லை. பக்கத்து வீட்டாரைக் கூட்டிக்கொண்டு போய்த் தெருவில் நின்றதாகவும் எழுதவில்லை. தன் கையில் ரத்தம் படாமல் பார்த்துக்கொண்டார். அதற்கும் துணிவு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் லியோனின் பக்கத்திலிருந்து பார்த்தால் அன்றைய தினம் எதுவும் மாறவில்லை.

இது ஏதோ தற்செயலும் இல்லை. நீதிக்காக உண்மையாகப் போராடுகிறவன் கொஞ்ச காலமாவது உயிரோடு இருக்க வேண்டுமென்றால் பொதுவாழ்வில் இறங்கக் கூடாது, தனி மனிதனாகவே இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்ற உரையில் சொல்கிறார். அதுதான் அவருடைய கொள்கை.

கிங் செய்தது நேர் எதிர். பேருந்துகளில் கறுப்பினத்தவருக்குத் தனி இருக்கை என்பதை எதிர்த்து, அலபாமாவின் மாண்ட்கோமரியில் 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பு. அதை ஒரு மனிதனின் மனசாட்சி மட்டும் நடத்தியிருக்க முடியாது. வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்ல கார் ஏற்பாடு, தேவாலயங்களில் வாரக் கூட்டம், நன்கொடை, வழக்கறிஞர்கள் என்று எல்லாம் சேர்ந்துதான் பேருந்துகளின் இருக்கை மாறியது. பர்மிங்காமிலும் ஈஸ்டர் வியாபார நேரம் பார்த்துக் கடைவீதியைப் புறக்கணித்தார்கள். கடைக்காரருக்கு நட்டம் வந்தால்தான் நகராட்சிக்குக் காது கேட்கும் என்று தெரிந்து செய்த வேலை அது. மே 10 அன்று வந்த உடன்பாட்டில் என்ன இருந்தது தெரியுமா? கடைகளின் உணவு மேசைகள், உடை மாற்றிப் பார்க்கும் அறைகள், குடிதண்ணீர்க் குழாய்கள், கறுப்பினத்தவருக்கு வேலை. தொட்டுப் பார்க்கக்கூடிய நீதி. சாக்ரடீஸ் போலச் சந்தைத் திடலில் யாரையும் கேள்வி கேட்டு மடக்குவதால் ஒரு தண்ணீர்க் குழாய்கூடத் திறக்காது.

கருப்பு அங்கி

தொழிலால் வழக்கறிஞர். இருவரையும் பற்றிய பேச்சில் எல்லோரும் கிங் "சட்டத்தை மீறினார்" என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறார்கள். எந்தச் சட்டம், யார் போட்ட ஆணை என்று பார்த்தால் படம் மாறும்.

1962 கோடையில் ஜார்ஜியாவின் ஆல்பனி நகரில் ஊர்வலம் போகக் கூடாது என்று மத்திய நீதிமன்ற நீதிபதி தடை போட்டார். கிங் கீழ்ப்படிந்தார். மேல்முறையீட்டில் சில நாளில் தடை நீங்கியது, ஆனால் அதற்குள் போராட்டத்தின் சூடு இறங்கிவிட்டது. ஆல்பனி தோல்வி என்றே பேசப்பட்டது.

அடுத்த வருஷம் பர்மிங்காம். ஏப்ரல் 10 இரவு மாநில நீதிமன்ற நீதிபதி ஒருவர், மறுதரப்பைக் கேட்காமலே, ஊர்வலங்களுக்குத் தடையாணை பிறப்பித்தார். ஊர்வல அனுமதி கேட்டுப் போயிருந்த போராட்டக்காரரிடம் காவல்துறைப் பொறுப்பிலிருந்த புல் கானர், அனுமதியெல்லாம் கிடையாது, வேண்டுமானால் சிறைக்கு அனுப்பி வைக்கிறேன் என்ற பொருளில் ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தார். இந்த முறை கிங் தடையை மீறினார். மறைவாக இல்லை, செய்தியாளர்களைக் கூப்பிட்டு அறிவித்துவிட்டு மீறினார். மத்திய நீதிமன்றங்கள் நேர்மையாக நடந்துகொண்டதால் அவற்றின் ஆணைகளை இதுவரை மதித்தோம், தெற்கு மாநில நீதிமன்றங்களோ இனப்பிரிவினைக்குக் கருவியாகிவிட்டன என்பது அவர்கள் அறிக்கையின் சாரம். ஏப்ரல் 12, புனித வெள்ளியன்று கைதானார்.

1965 மார்ச்சில் அலபாமாவின் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம். முதல் ஊர்வலத்தைக் காவலர்கள் பாலத்தில் வைத்து அடித்து நொறுக்கினார்கள். இரண்டு நாள் கழித்து கிங் மறுபடி கூட்டத்தோடு பாலத்துக்குப் போனார். ஆனால் மத்திய நீதிபதியின் தற்காலிகத் தடை இருந்தது. பாலத்தின் மறுபுறம் மண்டியிட்டு வழிபாடு நடத்திவிட்டுத் திரும்பினார். இளைஞர்கள் பலர் அவர் மீது கோபப்பட்டார்கள். ஒரு வாரத்தில் அதே நீதிபதி ஊர்வலத்துக்கு அனுமதி கொடுத்தார்.

ஆக, கிங் எல்லா ஆணையையும் மீறியவர் இல்லை. இந்த நீதிமன்றத்தை இணங்க வைக்க முடியும், இதை முடியாது என்று எடைபோட்டு நடந்தவர். "இணங்க வை, அல்லது கீழ்ப்படி" என்று ஏதென்ஸின் சட்டங்கள் சொன்னதாக வைகைக்கரை எழுதியிருந்தார். அதில் முதல் பாதி திறந்திருக்கும் இடத்தில் கிங் இரண்டாம் பாதிக்குக் கட்டுப்பட்டார். என் பார்வையில் இது சாக்ரடீஸுக்கு நீங்கள் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கிறது.

நடுநிசி

எனக்கு இரண்டு பேரிடமும் ஒரே கேள்விதான். மனசாட்சி சொல்கிறது என்று யார்தான் சொல்லவில்லை? 1963 ஜூன் 11 அன்று அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் பல்கலைக்கழக வாசலை மறித்துக்கொண்டு நின்றார். இரண்டு கறுப்பின மாணவர்களைச் சேர்க்கச் சொன்ன மத்திய நீதிமன்ற ஆணையை மறுத்தார். அவரும் தன் கொள்கைக்காகவே நின்றதாகச் சொன்னார். கிங்குக்கு அனுமதித்த உரிமையை வாலஸுக்கு எப்படி மறுப்பீர்கள்? இதற்குப் பதில் இல்லாவிட்டால் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட சாக்ரடீஸ்தான் நமக்குப் பாதுகாப்பான வழிகாட்டி.

வைகைக்கரை

நடுநிசி, இந்தக் கேள்வியைக் கிங் தானே தன் கடிதத்தில் எழுப்பிக்கொள்கிறார். 1954இல் பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குக் கீழ்ப்படியுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிவிட்டு, நாங்களே வேறு சட்டங்களை மீறுவது முரணாகத் தெரியலாம் என்று ஒப்புக்கொண்டு பதில் சொல்கிறார். கிறித்தவ ஞானிகளான புனித அகஸ்டினையும் அக்வைனஸையும் துணைக்கு அழைக்கிறார். எனக்கு அவற்றைவிட வலுவாகத் தெரிவது அடுத்து அவர் வைக்கும் இரண்டு அளவுகோல்கள்.

ஒன்று, பெரும்பான்மை தனக்குப் பொருந்தாத விதியைச் சிறுபான்மை மேல் மட்டும் சுமத்துகிறதா? இரண்டு, யார் மேல் அந்தச் சட்டம் விழுகிறதோ அவர்களுக்கு அதை இயற்றுவதில் பங்கு இருந்ததா? வாக்குரிமையையே மறுத்துவிட்டு அலபாமா சட்டமன்றம் இயற்றியதை மக்களாட்சிச் சட்டம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கிறார். வாலஸை இந்த இரண்டிலும் நிறுத்திப் பாருங்கள். அவர் ஆளுநர். அவரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வாக்கு இருந்தது. அவர் மறித்த வாசல் இன்னொருவருடையது.

இன்னொன்றும் உண்டு. மீறுகிறவன் வெளிப்படையாக, அன்போடு, தண்டனையை ஏற்கத் தயாராக மீற வேண்டும் என்கிறார் கிங். வாலஸ் அன்று எந்தச் சிறைக்கும் போகவில்லை. மத்திய அரசு தேசியக் காவல் படையைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்ததும் விலகி வழிவிட்டார்.

வகுப்பறை ஜன்னல்

பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். இதுவரை யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். வைகைக்கரை சார், நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

மே 2, 1963. பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் அணி அணியாக வெளியே வந்தார்கள். நூற்றுக்கணக்கில் கைது. மறுநாளும் வந்தார்கள். புல் கானர் தீயணைப்புக் குழாய்களையும் போலீஸ் நாய்களையும் ஏவிவிட்டார். தண்ணீரின் வேகத்தில் பிள்ளைகள் தரையில் உருண்ட படங்கள் உலகம் முழுக்கப் போயின. பெரியவர்கள் வேலை போய்விடும் என்று சிறைக்கு வரத் தயங்கினார்கள், அதனால் பிள்ளைகளை இறக்கலாம் என்று யோசனை சொன்னவர் கிங்கின் சக போராளி ஜேம்ஸ் பெவல். கிங் முதலில் தயங்கினார், பிறகு விட்டுவிட்டார். இன்னொரு கறுப்பினத் தலைவரான மால்கம் எக்ஸ் இதைக் கடுமையாகக் கண்டித்தார். அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடியும் கண்டித்தார்.

சாக்ரடீஸ் தன் உயிரைத் தவிர வேறு யாருடைய உயிரையும் பணயம் வைக்கவில்லை. லியோனைக் காப்பாற்றவில்லை என்று குறை சொல்கிறீர்கள். பிறர் பிள்ளைகளை நாய்களுக்கு முன்னால் அனுப்பாதவர் அவர் என்பதையும் அதே கணக்கில் எழுத வேண்டாமா? நான் தினமும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளோடு இருக்கிறேன். ஊர்வலத்துக்கு வா என்றால் அந்த வயதில் யாரும் யோசிக்க மாட்டார்கள், ஓடி வருவார்கள். அதனால்தான் இந்தக் கேள்வி எனக்குப் புத்தகக் கேள்வியாகத் தோன்றவில்லை.

ஆனால் இதில் கிங் பக்கம் என்னை இழுக்கும் இடமும் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். "உன் பிள்ளைகளை அநாதையாக்கிவிட்டுப் போகிறாயே" என்று கிரிட்டோ சாக்ரடீஸிடம் கேட்கிறார். மூன்று மகன்கள், இரண்டு பேர் சின்னவர்கள். சாக்ரடீஸ் அந்தக் கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று தாண்டிப் போகிறார். கிங் கைதான அன்று அவருடைய நான்காவது குழந்தை பெர்னிஸ் பிறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் ஆறு வயது மகளைப் பற்றி ஒரு வாக்கியம் வருகிறது. தொலைக்காட்சியில் விளம்பரம் பார்த்துப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்லும் பெண்ணிடம், அங்கே கறுப்புப் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று சொல்ல நாக்குத் தடுமாறும் அப்பாவைக் காட்டுகிறார். அவர் பேசும் நீதி அந்த வீட்டின் கூடத்திலிருந்து தொடங்குகிறது. அநீதியைப் பற்றிச் சாக்ரடீஸ் ஓரிடத்திலும் இப்படிப் பேசவில்லை.

வைகைக்கரை

பதில் சொல்கிறேன். அந்தப் பிள்ளைகள் ஊர்வலத்துக்கு வந்த அன்றுதான் ஆபத்தைச் சந்தித்தார்கள் என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். அதே வருஷம் செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அதே தேவாலயத்தில் குண்டு வைத்தார்கள். நான்கு சிறுமிகள் இறந்தார்கள். அவர்கள் அன்று எந்த ஊர்வலத்திலும் இல்லை, வழிபாட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். பர்மிங்காமில் கறுப்பினக் குழந்தையாகப் பிறந்ததே போதுமான ஆபத்து. வீட்டில் இருந்தால் பாதுகாப்பு என்ற நிலைமை அவர்களுக்கு இல்லை.

அப்படியும் உங்கள் கேள்வி தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கிங்கே தயங்கிய இடம் அது. அந்தத் தயக்கம் இல்லாமல் அனுப்பியிருந்தால் நானும் அவரை மதிக்க மாட்டேன். ஆனால் அந்த வாரத்துக்கு முன்னால் பர்மிங்காம் போராட்டம் முட்டி நின்றது. ஜாமீனுக்குப் பணமில்லை, ஆள் வரவில்லை. அந்தப் படங்கள் வந்த பிறகுதான் வெள்ளை மாளிகை அசைந்தது. 1964 ஜூலை 2 அன்று, பொது இடங்களில் இனப்பிரிவினையைத் தடை செய்த குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தானது.

பொதிகைத் தென்றல்

வகுப்பறை ஜன்னல் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பிள்ளைகளைப் பற்றிய உங்கள் கவலையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் சாக்ரடீஸ் பிறரைப் பணயம் வைக்கவில்லை என்பதை நான் அவருக்குப் பெருமையாகச் சேர்க்க மாட்டேன். அவருக்குப் பின்னால் வர ஒரு மக்கள் கூட்டமே இல்லை.

ஏதென்ஸில் வாக்கு யாருக்கு இருந்தது? குடிமக்களான ஆண்களுக்கு. பெண்களுக்கு இல்லை, அடிமைகளுக்கு இல்லை, வெளியூரிலிருந்து வந்து பல தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவர்களுக்கும் இல்லை. "தங்கியதே சம்மதம்" என்ற வாதம் சாக்ரடீஸுக்குப் பொருந்தும், அவர் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்த அடிமைக்குப் பொருந்தாது. அந்த அடிமை சார்பாக சாக்ரடீஸ் ஒரு வார்த்தை பேசியதாகப் பதிவில்லை. இது அவர் மேல் நிற்கும் உண்மையான குறை. வைகைக்கரை இதைச் சொல்லியிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

ஆனால் கேள்வி கேட்பதால் எதுவும் மாறாது என்று சொன்னீர்களே, அதை ஏற்க மாட்டேன். கிங் தன் போராட்டத்துக்கு நான்கு படிகள் சொல்கிறார்: உண்மைகளைத் திரட்டுவது, பேச்சுவார்த்தை, தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்வது, நேரடி நடவடிக்கை. மூன்றாவது படியில் என்ன செய்தார்கள்? பயிற்சிக் கூட்டங்கள் நடத்தித் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார்கள்: "அடி விழுந்தால் திருப்பி அடிக்காமல் இருக்க முடியுமா? சிறையைத் தாங்குவாயா?" உள்ளே இருக்கும் மனிதனைச் சோதித்துப் பார்க்கும் வேலை இது. இதைச் செய்யாமல் கடைவீதிக்குப் போயிருந்தால் முதல் நாய் பாய்ந்ததுமே கலவரம் வெடித்திருக்கும், கானர் காத்திருந்ததும் அதற்குத்தான். தன்னைத் தானே விசாரிக்காத வாழ்வு வாழத் தகுந்ததில்லை என்று நீதிமன்றத்தில் சொன்ன மனிதர் இந்த மூன்றாவது படியில் இருக்கிறார்.

கருப்பு அங்கி

ஒரு பின்கதை பாக்கி இருக்கிறது.

தடையாணையை மீறியதற்காகக் கிங்குக்கும் மற்றவர்களுக்கும் நீதிமன்ற அவமதிப்பில் ஐந்து நாள் சிறை, 50 டாலர் அபராதம். மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1967 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார்கள். ஆணை தவறாகவே இருந்தாலும் முதலில் நீதிமன்றத்தில் போய் அதை நீக்கக் கேட்டிருக்க வேண்டும், மீறிவிட்டு வந்து தவறென்று வாதிடக் கூடாது என்றது பெரும்பான்மை. அந்த வருஷம் அக்டோபர் இறுதியில் நோபல் பரிசு பெற்ற கிங் அலபாமாவுக்குத் திரும்பி வந்து சிறைக்குள் போனார்.

1969இல், அதே புனித வெள்ளி ஊர்வலத்துக்காகப் பாதிரியார் ஃபிரெட் ஷட்டில்ஸ்வொர்த் மேல் போட்டிருந்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அனுமதி இல்லாமல் ஊர்வலம் போனதற்கு அவருக்கு 90 நாள் கடுங்காவல் விதித்திருந்தார்கள். அந்தத் தண்டனையை நீதிமன்றம் ரத்து செய்தது. எந்த வரையறையும் இல்லாமல் அதிகாரிகள் விருப்பப்படி அனுமதி கொடுக்கவோ மறுக்கவோ விட்ட அந்த நகராட்சி விதி அரசியலமைப்புக்குப் பொருந்தாதது என்றது. கிங் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

தவறான தீர்ப்பு என்று நம்பிக்கொண்டே அதற்குத் தலைவணங்கிச் சிறைக்குள் போன மனிதர் கிங். இதை ஏதென்ஸ் சிறையோடு ஒப்பிடக் கூடாது என்றால் எதோடு ஒப்பிடுவது?

வைகைக்கரை

கருப்பு அங்கி, தகவலுக்கு நன்றி. ஆனால் அது என் பக்கம் சாய்கிறது. கிங் தண்டனையை ஏற்றது ஊரின் மனசாட்சியைத் தட்டி எழுப்ப. அவர் அதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார். நாளிதழ் ஓரங்களில் எழுதத் தொடங்கி, சிறையில் வேலை பார்த்த இன்னொரு கைதி கொடுத்த துண்டுக் காகிதங்களில் தொடர்ந்து, வழக்கறிஞர்கள் கொண்டு வந்த தாள்களில் முடித்த கடிதம் அது. சிறைக்கு உள்ளிருந்தே வெளியே இருக்கும் போராட்டத்தை நடத்தினார். சாக்ரடீஸ் சிறையில் நண்பர்களோடு பேசிவிட்டு நஞ்சைக் குடித்தார். அந்த மரணத்தால் யாரையும் எழுப்ப அவர் நினைக்கவில்லை.

பொதிகைத் தென்றல்

நினைத்தார். மரண தண்டனைக்கு வாக்களித்த ஜூரர்களைப் பார்த்து அவர் கடைசியாகச் சொன்னதை எடுத்துப் பாருங்கள். "என்னைக் கொன்றால் கேள்விகளிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைக்கிறீர்கள். இதுவரை நான் தடுத்து வைத்திருந்த பலர் இனி உங்களைக் கேட்பார்கள். அவர்கள் இளைஞர்கள், என்னைவிடக் கடுமையாகக் கேட்பார்கள்." இது தன் மரணத்துக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று யோசித்தவரின் பேச்சு.

கிங்குக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மனிதர் இருக்கிறார், அவரை நாம் யாரும் இதுவரை குறிப்பிடவில்லை. 1908இல் தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்தபோது காந்தி அந்த நீதிமன்ற உரையைக் குஜராத்தியில் சுருக்கித் தன் இந்தியன் ஒப்பீனியன் இதழில் தொடராக வெளியிட்டார். அங்கே சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் எவ்வளவு பேர் என்று நமக்குத் தெரியும். சாக்ரடீஸை அவர் அந்த மக்கள் முன் வைத்தது உண்மைக்காகப் போரிட்ட வீரனாக. 1910இல் பம்பாய் அரசாங்கம் அந்தச் சிறு நூலைத் தடை செய்தது. சட்டத்துக்குப் பணிந்து போன ஒரு கிழவரின் கதை என்றால் வெள்ளை அரசுக்கு அதில் என்ன பயம்? காந்தியைப் படித்து வந்தவர்தான் கிங்.

வைகைக்கரை

காந்தி எடுத்துக்கொண்டது நீதிமன்ற உரையை. கிரிட்டோவோடு சிறையில் நடந்த உரையாடலை எடுக்கவில்லை. சத்தியாக்கிரகிகளுக்கு எது உதவும், எது உதவாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீதிமன்றத்தில் நின்ற சாக்ரடீஸைக் கிங்குக்கு முன்னோடி என்று சொன்னால் நானும் கூட வருகிறேன். சிறையில் இருந்த சாக்ரடீஸை என்னால் அந்த வரிசையில் சேர்க்க முடியாது.

பொதிகைத் தென்றல்

தீர்ப்புக்கும் நஞ்சுக்கும் இடையே முப்பது நாள் என்கிறார் சாக்ரடீஸின் இன்னொரு மாணவர் செனபோன். வழக்கு மன்றத்தில் "உங்களுக்குக் கீழ்ப்படிய மாட்டேன்" என்றவரும், சிறையில் "ஓடிப்போக மாட்டேன்" என்றவரும் அந்த முப்பது நாளுக்குள் பேசிய ஒரே ஆள். ஓடியிருந்தால் முதலில் சொன்னதை எவன் நம்பியிருப்பான்? நீங்கள் அவரை இரண்டாகப் பிரிப்பதை நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. கிரிட்டோ உரையாடலை முழுசாக வைத்துக்கொண்டு வாருங்கள், வரி வரியாகப் பேசுவோம்.